தாமதக் கட்டணம்

ஏழு நாளைக்கு நாற்பத்தைந்து வெள்ளி.
முன்பணம் நூறு.
கையுறை இனாம்; தொலைத்தால் இனாம் இல்லை.
தோ பாயோவில், பல் மருத்துவருக்கும்
பறவைத் தீனிக் கடைக்கும் நடுவே
குளிர்காலத்தை வாடகைக்கு விடுகிறோம்.

டிசம்பர் பிறந்தால் எல்லோர் வாயிலும் ஒரே ஊர்:
ஸ்ட்ராஸ்பூர். விட்டால் கொல்மார்.
ஐந்து இரவு, இரண்டு சந்தை, ஒரு தேவாலயம்.
உச்சரிப்பு மட்டும் ஆளுக்கொரு தினுசு.
நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டு
மைனஸ் இரண்டுக்கு இது தாங்குமா என்பார்கள்.
தாங்கும் என்பேன்.
நான் தாங்கிய கடுங்குளிர்
கடைசிப் பேருந்தின் மேல்தட்டுக் குளிரூட்டி.

பள்ளியில் ஆறு பருவத்தையும் ஒப்பித்தவள்தான்.
கார், கூதிர், முன்பனி, பின்பனி,
இளவேனில், முதுவேனில்.
முழு மதிப்பெண்.
சன்னலுக்கு வெளியே அன்றும்
மழை, அல்லது மழைக்கு முந்திய புழுக்கம்.

பேரங்காடி வாசலில் ஏழரை மணிக்கு
சவர்க்கார நுரை பனியாய் விழும்.
பிள்ளைகள் நாக்கை நீட்டுவார்கள்,
தாய்மார் அலறுவார்கள்.
அதற்குக் கோட்டு வேண்டாம். குளித்தால் போதும்.

திரும்பி வரும் கோட்டுகளைச்
சலவைக்கு அனுப்புமுன் பைகளைத் துழாவுவது என் வேலை.
சியோக் ஹுவா தொடமாட்டாள்.
மூக்கு துடைத்த காகிதம்தான் அதிகம், உண்மை.
ஆனால் சுட்ட கஷ்கொட்டையின் ஓடு,
பாதி கிழிந்த ராட்டினச் சீட்டு,
இஞ்சி ரொட்டித் தூள்.
விரலை நக்கிப் பார்த்தேன், ஒளிப்பானேன்.
பட்டையும் சோம்பும்!
தேக்காவில் மூட்டை மூட்டையாய்க் கிடப்பதற்கா
பதின்மூன்று மணி நேரம் பறந்தார்கள்?

ஒருமுறை ஒரு கோப்பை.
சூடான திராட்சை மது விற்பவர்கள்
கோப்பைக்கும் முன்பணம் வாங்குவார்களாம்.
அங்கே திருப்பித் தராமல் தூக்கி வந்தவர்
இங்கே மறந்துவிட்டுப் போயிருந்தார்.
சிவப்பு. பக்கவாட்டில் ஒரு நாரை.
இப்போது அதில் பேனாக்கள் நிற்கின்றன.

பதினேழாம் எண் கோட்டு,
சாம்பல் நிறம், சின்ன அளவு,
ஒன்பது தடவை பிரான்ஸ் போய் வந்தது.
பத்தாம் தடவை கொண்டுபோனவர் ஞானசீலி.
தாதி. இரவு முறை. ஒரே ஒரு பயணச்சீட்டு.
"சும்மா நடக்கப் போறேன்" என்றார்,
நான் எதுவும் கேட்காதபோதே.

வியாழக்கிழமை தந்திருக்க வேண்டும்.
மறுநாள் மாலை, மழை விட்ட பிறகு வந்தார்.
விமானம் தாமதமா?
இல்லை.
உடம்புக்கு முடியலையா?
இல்லை.

"நேத்தே வந்துட்டேன். கழற்ற மனசு வரலை.
ஏர்கான் போட்டு இதோடயே தூங்கிட்டேன்.
அங்க கூட்டத்துல இதை மாட்டிக்கிட்டு நின்னா
ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை.
நாலு நாள். எனக்குன்னு ஒரு மணி அடிக்கலை.
கோயில் மணி அடிச்சது,
அது எல்லாருக்கும்."

சிரித்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

தாமதத்துக்குக் காரணம் என்று
கணினியில் ஒரு கட்டம் உண்டு.
நிரப்பாவிட்டால் எட்டு வெள்ளி.
விமானம், நோய், பிற.
பிற என்பதைத் தட்டி
எழுதினேன்: பனி.

தலைக்கு மேல் மின்விசிறி மூன்றாம் எண்ணில் சுழன்றது.
கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
சியோக் ஹுவா எட்டிப் பார்த்தாள்,
நாரைக் கோப்பையிலிருந்து ஒரு பேனாவை உருவிக்கொண்டு
போய்விட்டாள்.

அவர் போனதும் பைகளைத் துழாவினேன்.
வலது பை காலி.
இடது பையின் தையலில் ஒரு பைன் இலை,
ஊசியாய்க் குத்தியது.
பிடுங்கவில்லை.
சலவைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை பதினேழு மறுபடி பறக்கிறது.
திருமதி குவெக், பாரிஸ் வழியாக.
கை நீளம் போதாது என்று
சொல்லிப் பார்த்தேன்,
கேட்கவில்லை.